ஏகமனதான தீர்மானம்

தலைவர் தானே எழுந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். கண்டியிலிருந்து வகுப்பெடுக்க வந்த சர்மிளாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

கூட்டுறவுச் சங்கப் பணிப்பாளர்கள் அங்கத்தவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இதுவரை பதினொரு நிர்வாக சபைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். எல்லா இடத்திலும் காலுக்கு மேல் கால், கையில் போன், நடுவில் கொட்டாவி. ஹுன்னஸ்கிரியாவுக்கு மேலே இருந்த இந்தப் பால் சங்கத்தில் மட்டும் ஏழு பேரும் ஒன்பது மணிக்கே வந்து, பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இவர்களைப் பற்றியா அழகம்மா போனில் அப்படி அழுதாள்?

அழகம்மா இந்தச் சங்கத்து அங்கத்தவர்; தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். கடைசிக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கி வந்து மாட்டைக் கறப்பதற்குள், நாலு மணிக்கே பால் வாங்கும் சென்டரைப் பூட்டிவிடுகிறார்கள். பொதுக்கூட்டத்தில் கேட்டதற்கு, "வாயப் பொத்திக்கிட்டுப் போ" என்று வெளியே தள்ளியிருக்கிறார்கள். "இன்னும் எத்தன நாளைக்கு மிஸ் அந்திப் பால வாய்க்கால்ல ஊத்துறது? நாளைக்கு மாட்ட இறைச்சிக்குப் பேசியிருக்கேன்."

"தலைவரே!" என்றாள் சர்மிளா.

அவர் திரும்பவில்லை. மூன்றாம் தடவை, பக்கத்திலிருந்தவர் விலாவில் இடித்த பிறகுதான், "சொல்லுங்க மிஸ்" என்றார்.

"சென்டர ஆறு மணி வரைக்கும் தொறந்து வைக்க முடியாதா?"

"ஏன் முடியாது? மலையில இருந்து எறங்கி வர்ற பொம்பளைக்கு நாலு மணின்னா எப்புடி? நெஞ்சுல ஈரம் இருக்கிறவன் பூட்டுவானா?"

"நல்லாக் கேட்டீங்க, தலைவரே!" கடைசிக் கதிரையில் இருந்தவர் சிரித்தார்.

ஏழு கைகளும் உயர்ந்தன. சர்மிளா கைப்பையைத் திறந்தாள். அந்த இடத்திலேயே அழகம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மாட்ட விக்காதீங்கக்கா. சபையே ஒத்துக்கிட்டாங்க."

பிறகு தீர்மானப் புத்தகத்தைத் தலைவர் பக்கம் தள்ளினாள். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்க மிஸ். டிரெக்டர்மாரு எல்லாரும் நுவரெலியாவுக்கு ட்ரிப் போயிட்டாங்க. வகுப்புக்குத் தல காட்டணும்னு எங்கள உக்கார வச்சாங்க."

சர்மிளா கையில் போன் இன்னும் சூடாக இருந்தது. "அப்ப நீங்கல்லாம் யாரு?"

"பால் கேன் தூக்குறவங்க மிஸ்."