பத்து எண்ணும் வரை

அவன் தாடையை உள்ளே இழுத்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

வரவேற்பு மேடையில், கழுத்தில் ரோஜா மாலையோடு, ஐந்நூறு பேர் பார்க்க, ஒரு மாப்பிள்ளை செய்கிற காரியமா இது?

செய்துதான் ஆக வேண்டும். நான்கு மாதத்துக்கு முன்பு, சிக்னலில் நின்ற அவன் காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தது. காருக்கு பம்பர் போயிற்று. அவன் கழுத்து முன்னும் பின்னும் சுண்டி வந்தது. அன்றிலிருந்து தலைவலி. பிடரியில் கிளம்பும், கண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போதே வந்துவிட்டது. பாதியில் எழுந்து போய் இருட்டறையில் படுத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளைக்குப் பொண்ணப் புடிக்கலையாட்ட இருக்குது" என்றார் பெண்ணின் பெரியம்மா. அவர் மெதுவாகப் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

மணப்பெண் அன்று முழுக்க அழுதாளாம். பிறகு அவள் தங்கை சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

இன்றும் பாதியில் இறங்கினால் அவ்வளவுதான். பெரியம்மா முதல் வரிசையில் வேறு உட்கார்ந்திருக்கிறார்.

கழுத்துக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் சொன்னது இதுதான்: வலி ஏறுவதற்கு முன்னால் தாடையை இழு, பத்து எண்ணு, விடு. அரை மணிக்கு ஒரு தடவை.

இழுத்தால் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை வந்துவிடுகிறது. ஏப்பத்தை அடக்குகிறவன் மாதிரி முகம்.

"மாப்பிள்ளைங்க, சிரிங்க! எதுக்குங்க முறைச்சுட்டே நிக்கறீங்க?" போட்டோக்காரர் கத்தினார்.

பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்து நிமிர்ந்து பார்த்தார்.

நான்கில் விட்டுவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிடரியில் மெல்ல இழுக்கத் தொடங்கியது. வரிசையில் இன்னும் இருநூறு பேராவது இருப்பார்கள்.

பக்கத்தில் அவள். மூன்று மணி நேர அலங்காரம். பொட்டு அரை இம்மி நகர்ந்ததென்று மறுபடி வைக்கச் சொன்னவள். தினமும் போனில் முதல் கேள்வியாக "தலவலி எப்படிங்க?" என்று கேட்பவளும் அவள்தான்.

அவள் கேமராவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எண்ணுங்க. நானும் இழுக்கறேன்."

இழுத்தாள்.

அந்த அழகு முகத்துக்குக் கீழே ஒரு குட்டித் தாடை எட்டிப் பார்த்தது.

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இழுத்தான். ஒன்று. இரண்டு. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு வாயைப் பிளந்து நின்றார். ஐந்து. மொய்க் கவரோடு மேடையேறிய மாமா ஒருவர், இது என்ன சடங்கோ என்று நினைத்து, மரியாதையாகத் தானும் தாடையை இழுத்துக்கொண்டார். ஏழில் பிடரி இளகியது. இவளை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்தான்.

"பத்து" என்றான்.

அவள் விடவில்லை. கண்ணோரம் சிரிப்பு.

"பதினொண்ணு" என்றான்.