உடையாத தட்டு

பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகும் ஒரு கிளப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டு மட்டும் உடையாமல் இருந்தது. அறுபது வருடங்களுக்கு முன் கிளப்பைத் தொடங்கிய ராஜமாணிக்கத்தின் படம் அதன் மேலே தொங்கியது. "குறி தவறாதவர். முதல் நாளின் நினைவாக இந்தத் தட்டை மட்டும் சுடாமல் விட்டுவைத்தார்" என்று படத்தின் கீழே எழுதியிருந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லி அதைப் படித்தாள். அன்று காலை அவள் இருபத்தைந்து தட்டுகளைச் சுட்டுப் பார்த்தாள், ஒன்றுகூட உடையவில்லை. இன்னொரு முறை படித்துவிட்டு, உறுப்பினர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள்.

"போகாதேம்மா!" என்று தட்டு கத்தியது. அவளுக்குக் கேட்கவில்லை. சுவரிலிருந்த பல்லிக்குத்தான் கேட்டது.

"ஏன் இப்படிக் கத்துற?" என்றது பல்லி.

"முதல் நாள் அவரும் இருபத்தஞ்சையும் கோட்டை விட்டாரு. கடைசித் தட்டு நான்தான். புல்லுல போய் விழுந்தேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் சிரிச்சாங்க. அவர் என்னைத் தேடி எடுத்து, மண்ணைத் துடைச்சாரு. அவரும் சிரிச்சிக்கிட்டே, 'நாளைக்கும் வரேன்'னாரு."

"அதை யாரும் எழுதலையே!" என்றது பல்லி.

வெளியே ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.