உண்மை விரும்பியைத் தேடி

"நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரு கதையைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு, ஒரு பாவி இந்த மாத்தளைக்குள்ளதான் நல்லவன் மாதிரி நடமாடுறான். கையில கிடைச்சா விடமாட்டேன்."

புடவைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து பலீல் முதலாளி போட்ட சத்தத்தில், சேலை பார்க்க வந்த இரண்டு பெண்கள் விலை கேட்காமலே எழுந்து போனார்கள்.

பகல் சோற்றைக் கொண்டுவந்த மனைவி மஸூதா, "யாரை ஏசுறீங்க?" என்றாள்.

"'உண்மை விரும்பி'யாம். சொந்தப் பேரைப் போடத் தைரியம் இல்லாதவனுக்கு உண்மை ஒரு கேடு."

ரஷ்யாக்காரன் நாயை வானத்துக்கு அனுப்பிய சூட்டோடு பலீல் தொடங்கிய விஞ்ஞானக் கதைப் பத்திரிகை 'அண்டவெளி'. துணிமூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாய் விற்று மேலே வந்த மனிதர். மூட்டைக்காரப் பலீலைப் பெரிய மனிதர்கள் எல்லாம் 'பத்திராதிபர்' என்று கூப்பிடுவது அந்தப் பத்திரிகையால்தான்.

பத்திரிகை நின்றது ஒரே ஒரு ஆளை நம்பி. உக்குவளை ஸ்டேசனில் டிக்கெட் கொடுக்கும் நோபர்ட், 'சந்திரனில் மூவர்' என்று தொடர்கதை எழுதினார். மூவரும் சந்திரனில் இறங்கி, ராக்கெட் பழுதாகி, மூச்சுக்குக் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசகர் பக்கத்தில் உண்மை விரும்பி வந்து கதையைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். அதைக் காரணம் காட்டி, இனி எழுதமாட்டேன் என்று நோபர்ட் சொல்லியனுப்பிவிட்டார்.

"உங்க பத்திரிகையிலதானே வந்திச்சு? நீங்கதானே போட்டீங்க?" என்றாள் மஸூதா.

"பக்கம் காலியாக் கிடந்திச்சு. அச்சடிக்கிறவன் ஏதாச்சும் தாங்கன்னான், தூக்கிக் குடுத்தேன். நான் என்ன கனவா கண்டேன்?"

சோற்றை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

உக்குவளையில் நோபர்ட் வேலை முடிந்து வீட்டுக்கு வர அந்தியாகிவிட்டது; வந்ததும் முகம் கழுவினார். அவர் மனைவி ஜோசப்பின், பால் விடாத பிளேன்டி கொண்டுவந்து வைத்தாள். பலீல் நேராக வியாபாரத்துக்கு வந்தார்.

"தம்பி, முழு அத்தியாயம் வேணாம். பாதி எழுதுங்க. அந்த மூணு பேரையும் திரும்பப் பூமியில இறக்கிவிட்டுடுங்க, போதும்."

"முடியாது, பலீல் நானா."

"சரி, ரெண்டு பேரை இறக்குங்க. ஒருத்தன் மூச்சு நின்னு மௌத்தானாலும் பரவாயில்லை."

குசினிக்குள் ஜோசப்பின் சிரிப்பது கேட்டது. நோபர்ட் சிரிக்கவில்லை.

"அந்த உண்மை விரும்பியை நான் தேடிப்பிடிச்சு உங்க முன்னால கொண்டாந்து நிறுத்துறேன். மன்னிப்புக் கேக்க வைக்கிறேன். போதுமா?"

"எதுக்கு மன்னிப்பு? அவன் எழுதினது பொய்யா?"

"பச்சைப் பொய்."

"என்ன எழுதியிருந்தான், நானா?"

பலீல் பிளேன்டியை ஊதினார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"நான் சொல்றேன்," என்றார் நோபர்ட். "பெருநாள் தலைப்பிறை நடுச்சாமத்துல உச்சிவானத்துல நிக்குதாம். அதைக் குறிபார்த்து ராக்கெட்டை விடுறாங்களாம். அப்படித்தான் ஒரு கதையில இருக்கு. அதுல..."

பலீலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வருஷா வருஷம் பள்ளிவாசல் மாடியில் மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போதே, அதோ பிறை என்று விரல் நீட்டுகிற மனிதர் அவர்.

"எந்த மடையன் அப்படி எழுதினான்? தலைப்பிறை பொழுதுபட மேற்கால கொஞ்சம் தலைகாட்டும். மஃரிபு தொழுதிட்டு வெளியில வாறதுக்குள்ள இறங்கிடும். நடுச்சாமத்துல ஏது தம்பி? சின்னப்புள்ளைக்கும் தெரியுமே."

"எழுதின மடையன் நான்தான். அதையே குறை சொல்லி எழுதின உண்மை விரும்பியும் நான்தான்."

பலீலின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன், நானா. மாத்தளையில பாதிப்பேர் பிறை பார்த்து நோன்பு பிடிக்கிறவங்க. யாராச்சும் ஒருத்தர் டிக்கெட் வாங்கையில, 'என்ன மடத்தனம் இது'ன்னு கேப்பாங்கன்னு காத்திருந்தேன். எல்லாரும் 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னுட்டுப் போனாங்க."

"அது... சனங்க மரியாதைக்குச் சொல்றது."

"படிச்சவன் குறை சொல்லுவான். படிக்காதவன்தான் மரியாதை பண்ணுவான். உங்க கடையில விலை குறைக்கச் சொன்னா, குறைக்காம 'அண்டவெளி'யைக் கையில திணிச்சு அனுப்புறீங்க. அவங்க படிக்காததுல எனக்குக் கோபமில்லை."

"பின்ன?"

"நானே குறை எழுதி உங்களுக்கு அனுப்பினேன். 'நம்ம பத்திரிகையில நம்ம கதையையே ஏசுறதா'ன்னு நீங்க அன்றைக்கே ஓடி வருவீங்கன்னு நினைச்சேன். அதையும் படிக்காமத்தானே அச்சுக்குக் குடுத்தீங்க?"

யானை விலையையும் பூனை விலைக்குப் பேசி முடிக்கிற பலீல், எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

நோபர்ட் உள்ளே போய், வந்த இதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். ஜோசப்பின் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"கதையைக் கொன்ன ஆளைத் தேடித்தானே வந்தீங்க, நானா? முதல் அத்தியாயத்திலிருந்து படிங்க. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு என் முகத்துக்கு நேரா சொல்லுங்க. அது வரைக்கும் அந்த மூணு பேரும் மேலேயே கிடக்கட்டும்."