காற்றில்லாமல் கரை சேர்ந்த கப்பல்

கப்பல் நகரவில்லை என்று ஜெயப்பிரியா டீச்சர் வந்து சொன்னதும் தலைமையாசிரியர் சம்பந்தத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு நாளா நிக்குதா? நாளைக்கு அதிகாரி வர்றார்னு அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கப்பல்காரர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அது பிரேசிலிலிருந்து கேப் டவுனுக்குப் போய்க்கொண்டிருக்கும் பாய்மரக் கப்பல். தினமும் தான் இருக்கும் இடத்தை இணையத்தில் போடும். டீச்சர் அதைத் தன் செல்போனில் பார்த்துச் சொல்வார். கரையான்சாவடிப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்து, சுவரில் மாட்டிய உலகப் படத்தில் குண்டூசியை நகர்த்துவார்கள். பூகோளம் என்றாலே கொட்டாவி விட்ட பிள்ளைகள், இப்போது காலையில் வந்ததும் "டீச்சர், கப்பல் எங்க கீது?" என்றுதான் கேட்டார்கள்.

சிக்கல் ஒன்றுதான். டீச்சரின் செல்போனில் அன்றைய டேட்டா பத்து மணிக்கே தீர்ந்துவிடும். பள்ளிக்கு இணைய இணைப்பு வேண்டுமென்றால் கல்வி அதிகாரி ரகுநாதன் மனசு வைக்க வேண்டும். அவர் மனசு வைக்க, கண்ணால் எதையாவது பார்க்க வேண்டும். அதனால்தான் சம்பந்தம், கப்பல் கரை சேரும் நாளைப் பிள்ளைகளை விட்டே கணக்குப் போடச் சொல்லி, அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாதம் முன்பே அவரை அழைத்திருந்தார். அதிகாரியிடம் தேதி வாங்குவது ஆவணி மாதத்தில் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி. மாற்றிக் கேட்டால் அடுத்த வருஷம்தான் கிடைக்கும்.

"அதுல எஞ்சின் கிடையாதாம்மா?"

இருக்கிறது, துறைமுகத்துக்குள் நுழையும்போது மட்டும் போடுவார்கள், மற்றபடி காற்றை நம்பித்தான் பயணம் என்று டீச்சர் விளக்கினார். கரண்ட் போனால் மின்வாரியத்துக்குப் போன் போடலாம். காற்று போனால் யாருக்குப் போடுவது என்று சம்பந்தத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையிலும் கேப் டவுனுக்கு இன்னும் எழுநூறு கிலோமீட்டர் பாக்கி இருந்தது.

சம்பந்தம் முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளையின் மார்க்கைக்கூட மாற்றிப் போடாத மனுஷர். அப்பேர்ப்பட்டவர் மணி அடிப்பதற்கு முன்பே ஏழாம் வகுப்புக்குப் போய், நடுக்கடலில் இருந்த குண்டூசியைப் பிடுங்கிக் கேப் டவுனில் குத்தினார். பிள்ளைகளுக்காகத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வகுப்பு நிறைந்ததும் பிள்ளைகளிடமும் சொல்லிவைத்தார். அதிகாரி கேட்டால் கப்பல் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும். இரண்டாவது வரிசையிலிருந்து கவிப்பிரியா எழுந்து, ஒரு நாளைக்கு முன்னூறு கிலோமீட்டரைத் தாண்டாத கப்பல் ஒரே ராத்திரியில் எப்படி எழுநூறு வந்தது என்று கேட்டாள். கணக்கு வகுப்பாக இருந்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். இப்போது பேசாமல் உட்காரச் சொன்னார்.

குமணன்சாவடி நெரிசலில் அதிகாரியின் ஜீப்பும் கப்பல் மாதிரியே நின்றுவிட்டது. பத்து மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டுக்கு வந்தார். படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு, அத்தனை பிள்ளைகள் இருக்க, சொல்லிவைத்த மாதிரி கவிப்பிரியாவைப் பார்த்துக் கை நீட்டினார்.

"நீ சொல்லும்மா. கப்பல் வந்துடுச்சா?"

கவிப்பிரியா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"வரல சார். காத்து இல்லாம நாலு நாளா நடுக்கடல்லயே நின்னுகினு கீது. குண்டூசி மட்டும்தான் வந்துச்சு."

ரகுநாதனின் முகம் வெளுத்துப்போனது. அவர் பார்வை டீச்சர் பக்கம் திரும்பியதுமே சம்பந்தம் முந்திக்கொண்டார்.

"டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது சார். ஊசியை நான்தான் மாத்திக் குத்தினேன்."

ரகுநாதன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கவிப்பிரியாவை அருகில் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பரிசாகக் கொடுத்தார். உண்மை பேசுகிற பிள்ளைகள்தான் நாட்டின் சொத்து என்று பத்து நிமிஷம் பேசினார். அதில் ஐந்து நிமிஷம் சம்பந்தத்தையே பார்த்துப் பேசினார்.

சம்பந்தத்துக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லையே என்று நெஞ்சு உறுத்தியது. இணைப்பு போனால் போகட்டும், இந்தப் பாவம் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு வெளியே ஓடியதும், நேராகப் படத்தின் முன்னால் போய்க் குண்டூசியில் கை வைத்தார்.

அந்தக் கையின் மேல் இன்னொரு கை விழுந்தது. ரகுநாதன்தான்.

"அது அங்கேயே இருக்கட்டும் சார்" என்றார் தணிந்த குரலில்.

"இல்ல சார். அந்தப் பொண்ணு சொன்னதுதானே நிஜம்?"

"நிஜந்தான், யார் இல்லேன்னா?" ரகுநாதன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஆனா உங்களுக்கு இணைப்பு குடுக்கச் சொல்லி இன்னிக்குக் காலையிலயே உத்தரவு ஆயிடுச்சு. கப்பல் என் கண் முன்னாடி கரை சேர்ந்துச்சு, பிள்ளைங்க கைதட்டினாங்கன்னு நான் நேத்தே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிட்டேனே."