கட்டுத்தரை டம்ளர்

"ஒன்றரை வயசுப் பையனுக்கு ஒரு வாய் பால் குடிக்கத் தெரியல. பெத்தவ என்னத்தப் பழக்குனாளோ" என்றார் ராசாத்தாள் அத்தை.

பேச்சு வாங்கியது என் அக்கா சண்முகப்பிரியா. அத்தையின் மருமகள். நான் பத்தாவதோடு நின்றுவிட்டதால், அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை வெள்ளகோவிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோயமுத்தூர் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பால் பாட்டிலை நிறுத்தாவிட்டால் மிதுனுக்கு முன்பல் நாலும் சொத்தையாம். அக்கா வீட்டுக்காரர் கிராஸ்கட் ரோட்டில் மூக்கு வைத்த பிளாஸ்டிக் கப் ஒன்றை வாங்கி வந்தார். பாட்டில் அன்றைக்கே குப்பைக்குப் போனது. அன்றோடு பையன் பால் குடிப்பதும் நின்றது.

மூன்று நாளாய் ஒரு மடக்கு இறங்கவில்லை. கப்பைக் கொடுத்தால் நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்து, வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். பால் மூக்கில் சொட்டும். அழுவான். கன்னம் ஒட்டிப்போனது. அக்கா அவனைவிட அதிகமாக அழுதாள்.

"அழுதா ஆச்சா? குடிச்சுக் காட்டுனாப் பழகிக்குவான்" என்று அத்தையே டம்ளரை எடுத்தார். அண்ணாந்து, உதட்டில் படாமல், கடகடவென்று ஊற்றிக்கொண்டார். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். உதட்டில் பட்டால் எச்சில். அத்தையின் சட்டம்.

மிதுனும் கப்பைத் தூக்கினான். மூக்கில் சொட்டியது.

யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பையனைக் காணோம். மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் ஓடினேன். சாணி அள்ள வரும் பாவாத்தாள் மடியில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கென்று கட்டுத்தரைச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும் அலுமினிய டம்ளரில் வாயை வைத்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"நாங் குடுக்கலீங்க அம்மணி. நாங் குடிக்கறதயே பாத்துட்டு இருந்தான், புடுங்கிட்டான். ஆத்தாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. வேலை போயிருமுங்க."

"நீ எப்படிக் குடிச்சே?"

"வாய வெச்சுத்தானுங்க. இந்த டம்ளரு வேற ஆருக்கு ஆகப்போகுது?"

ஓடிப்போய்ப் பால் எடுத்து வந்து, சொம்பு படாமல் உயரத்திலிருந்து அந்த டம்ளரில் ஊற்றினேன். மூச்சுவிடாமல் குடித்தான். இன்னும் கேட்டான்.

திரும்பினால் அத்தை நிற்கிறார்.

பாவாத்தாள் எழுந்து ஒதுங்கினாள். அத்தை பையனின் பால் வழிந்த வாயைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார்.

"அதைச் சாம்பல் போட்டு நல்லாத் தேச்சு உள்ள கொண்டா கண்ணு" என்றார்.

வருஷக்கணக்கில் வெளியே கிடந்த டம்ளர், அடுப்படி அலமாரியில் வெள்ளிச் சொம்புக்குப் பக்கத்தில் ஏறியது. மிதுன் சாயங்காலமும் அதில்தான் குடித்தான். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாத்தாள் வந்து பார்த்துவிட்டு, "இந்த மனசு ஆருக்குங்க வரும்" என்று வியந்தார்.

"காலம் மாறிப்போச்சுங்க. எங்க ஊட்டுல அதெல்லாம் பாக்கறதில்லீங்க" என்றார் அத்தை.

அத்தை திருந்திவிட்டார் என்று நான்கூட அம்மாவுக்கு இன்லேண்டு லெட்டர் எழுதினேன்.

மறுநாள் பதினொரு மணி. பாவாத்தாள் டீக்கு வந்து நின்றாள். சுவரில் டம்ளர் இல்லை. உள்ளே எவர்சில்வர் டம்ளர் மட்டும் நாற்பது இருக்கும். நான் அத்தையைப் பார்த்தேன்.

"வாசல்ல கொட்டாங்குச்சி காயுது பாரு. நல்லதா ஒண்ணு எடுத்து அதுல ஊத்து" என்றார் அத்தை, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

ஊற்றினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாவாத்தாள் வாங்கிக்கொண்டாள். மிதுன் விளையாடும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏன் அப்படித் திரும்பிக்கறே?" என்றேன்.

"பையன் பாத்துறக் கூடாதுங்க அம்மணி. பாத்தான்னா, இதையும் உள்ள எடுத்துக்குவீங்க."