உரிமம் முடிந்த கதை

"மேடம், சீக்கிரம் பாருங்க. கதை நின்னுபோச்சு. புள்ள தூங்காம அழுதுக்கினே இருக்கான்."

செல்போனை நீட்டியபடி திருப்பதி நூலகத்துக்குள் ஓடிவந்தான் உமாபதி. பின்னால், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி அவன் மனைவி தேவசேனா.

நூலகர் ரூபா கம்ப்யூட்டரில் தேடினாள். "இந்த ஆடியோ புக்குக்கு லைசென்ஸ் நேத்தோட முடிஞ்சுபோச்சு. அச்சு புக்குன்னா கிழியற வரைக்கும் நம்மகிட்டயே கெடக்கும். இதைக் கம்பெனி ரெண்டு வருஷத்துக்குத்தான் குடுக்கறாங்க."

"மறுபடியும் வாங்கிப் போடுங்க."

"கேட்டுட்டோம். இனிமே இதை யாருக்கும் குடுக்கறதில்லையாம். வேற கதை போட்டுக்குங்க."

"இதான் மேடம் வேணும். நகரியிலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கோம்."

ரூபாவுக்கு எரிச்சல் வந்தது. "அச்சு புக்கு இங்கயே இருக்கு, எடுத்துக்கினு போங்க. வீட்டம்மாவைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. வந்ததிலேர்ந்து வாயே தொறக்கலியே, பெத்த புள்ளைக்கு ஒரு கதை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

தேவசேனா முந்தானையைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உமாபதியின் குரல் இறங்கியது.

"கம்பெனிக்கு அந்தக் கதையைப் படிச்சுக் குடுத்ததே இவதான் மேடம். இவன் பொறந்த மாசமே தொண்டையில கேன்சர்னு குரல்வளையை எடுத்துட்டாங்க. இவ குரல் பாக்கியிருந்தது அதுல மட்டுந்தான்."