தவமணியின் சாப்பாட்டு அறை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வகத்தில் தரை துடைக்கும் ஈழத்துத் தவமணிக்கு, மதியம் உட்கார்ந்து சாப்பிட ஒரு சூடான அறையைக் கொடுத்தவர் சென்னைக்காரரான டாக்டர் ஸ்ரீவத்சன். மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் செய்வித்தார்.

"கூடப் பிறந்தவனும் இப்பிடிப் பாக்கமாட்டான்" என்று காண்போரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

அந்த அறையில் கண்ணாடிக் குடுவைகளில் பாக்டீரியா வளர்ந்தது. கணினித் திரையில் ஏதோ வடிவம் சுழன்றது.

"இதென்ன தம்பி?"

"இந்தப் பாக்டீரியாவோட நொதி அக்கா, என்சைம். பாதரச விஷத்தை இந்த மடிப்புல பிடிச்சு, ஆவியாக்கி வெளியே தள்ளிடும். பாக்டீரியா பிழைச்சுக்கும்."

"வெளியில எண்டால் எங்க?"

"காத்துலதான்" என்று சிரித்தார்.

ஐந்தாம் மாத ரிப்போர்ட்டும் வந்தது. "எல்லாம் நார்மல் அக்கா" என்றார்.

மறுநாள் நன்றி சொல்ல இடியப்பத்தோடு போனாள். அவர் முதுகைக் காட்டியபடி, அதே ஆய்வகத்தில் வேலை செய்யும் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நந்திதா, மாசமா இருக்கிற நீ இப்போ அந்த ரூமுக்கு மேசையை மாத்தாதே. கிளீன் பண்ற பொம்பள ரத்தத்துல பாதரசம் ஏறிடுச்சு. ஆவி வெளியேறுற குழாயை இப்போ சரி பண்ணிட்டேன். இன்னும் ஒரு மாசம் அவ அங்கேயே சாப்பிடட்டும், அவ ரத்தத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

திரும்பியவர் அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பானார்.

"சாப்பிட்டாச்சாக்கா?"